தொப்பூரிலிருந்து மருத்துவர் எவ்வளவு தூரம்?

வலி மாத்திரைக்கும் போதை ஊசிக்கும் அடிமையானவர்களை மீட்க மருந்து உண்டு, சட்டம் உண்டு, அரசு மருத்துவமனையும் உண்டு. அப்படியிருந்தும் குடும்பங்கள் கடன் வாங்கித் தவறான கதவைத் தட்டுவது ஏன்?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரிகள் கட்டமேடு தாண்டியதும் கியரைக் குறைக்கின்றன. அங்கிருந்து தொப்பூர் வரை சாலை இறக்கமும் வளைவுமாகவே போகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்தக் கணவாயில் நடந்த விபத்துகளில் தலா நான்கு பேர் இறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று டிரைவர்களிடம் போலீஸார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சாலையையே மாற்றியமைக்கத் திட்டம் போட்டாகிவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, இங்கே அடிபடுகிறவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கைகொடுக்கிறது.

உயிரைக் காக்க அரசும் மக்களும் இப்படித்தான் முனைய வேண்டும். ஆனால் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிற ஒருவரோ, சாலையோர ஊரிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் ஓர் இளைஞரோ வலி மாத்திரையை விட முடியாமல் மாட்டிக்கொண்டால், அவர் வீட்டார் எங்கே போவார்கள்? எவ்வளவு செலவாகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. அந்த விடை அவர்கள் வீட்டு வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முதுகுவலியில் தொடங்குவது

அபின், அதிலிருந்து வரும் மார்ஃபின், ஹெராயின், இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், ஆலையில் தயாராகும் டிரமடால், டேபென்டடால் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். மருத்துவர்கள் ஓபியாய்டு என்கிறார்கள். புற்றுநோய் வலிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இவை இல்லாமல் முடியாது. கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்கத் தொடங்கும்போதுதான் இதே மருந்து ஆளை விழுங்குகிறது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் ஏதாவதொரு ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கணக்கிட்டது. ஹெராயினுக்கு அடுத்த இடம் அபினுக்குக்கூட இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும்தான் அந்த இடத்தில் இருந்தன.

தமிழ்நாட்டின் கதையும் அதுவே. டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் கைது என்ற செய்தி இல்லாமல் மாவட்டப் பக்கங்கள் வருவது அரிதாகிவிட்டது. நீண்ட தூரம் ஓட்டும் டிரைவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தொப்பூரைக் கடக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிறது. வடக்கே பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் 'புக்கி' என்றும் 'டோடா' என்றும் சொல்லப்படும் கசகசாக் காயின் ஓட்டைத் தேநீரில் போட்டுக் குடித்துவிட்டு இரவு முழுக்க ஓட்டும் பழக்கம் லாரிக்காரர்களிடையே பழையது. தூக்கத்தையும் முதுகுவலியையும் ஒன்றாகத் தள்ளிவைப்பதாக அது தோன்றும். தொப்பூர் விபத்துகளுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. இறக்கமும் பாரமும் பிரேக்கும் தனிக் கதை. இங்கே சொல்ல வருவது, ஓட்டுகிறவர் உடம்பைப் பற்றி மட்டும்.

அந்த இரண்டாம் நாள் இரவு

மாத்திரையை நிறுத்தியவர் படும் பாட்டைப் பார்க்காதவர்களே, "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்வார்கள்.

கடைசி மாத்திரை போட்டு அரை நாளில் கொட்டாவி வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். பார்க்கிறவர்களுக்குச் சளி பிடித்ததுபோல் இருக்கும். பிறகு ரோமம் சிலிர்த்துக் குளிர் எடுக்கும், அடுத்த நிமிடம் வியர்த்துக் கொட்டும். இரண்டாம் நாள் இரவில் கால் உளைச்சல் தாங்காமல் சுவரை உதைப்பார்கள். வாந்தியும் பேதியும் நிற்காது. படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாட்களில் உடம்பு மெல்ல அடங்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு மாத்திரை போதும், எல்லாம் அரை மணியில் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நாமக்கல்லுக்கோ நாக்பூருக்கோ லோடு ஏற்றிக்கொண்டு தனியாகக் கேபினில் இருக்கும் ஒருவரால் அந்த ஆசையைத் தாண்டிவிட முடியுமா?

பல மாதங்களாக ஓபியாய்டு ஏறிய மூளை, அது இல்லாமல் இயங்கவே மறந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் அவர் மாத்திரை போடுவது இன்பத்துக்காக அல்ல, அந்த இரவைத் தவிர்ப்பதற்காக. மருத்துவம் இதை நோய் என்கிறது. நம் சட்டமும் அப்படியே சொல்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

கடன் வாங்கித் தட்டும் கதவு

வீட்டில் விஷயம் தெரிந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்ற பதற்றம். யாரோ ஒரு உறவினர் ஒரு 'மறுவாழ்வு மைய'த்தின் போன் நம்பரைக் கொடுப்பார். ராத்திரியோடு ராத்திரியாக வண்டி வரும், நான்கு பேர் வந்து தூக்கிப்போவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கட்டணம். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள்.

முறையாகப் பதிவு செய்து, மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் வைத்து நடத்தும் நல்ல தனியார் மையங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பூட்டிய கதவும் பிரம்பும் மட்டுமே சிகிச்சையாக இருக்கும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் அடிபட்டு இறந்தவர்கள் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். மனநல நிலையங்களைப் பதிவு செய்வதிலும் கண்காணிப்பதிலும் நாடு விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இன்றைய மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. போதை மறுவாழ்வு மையங்களும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றாக வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கும் மையத்தின் படியில் ஏறவே வேண்டாம்.

அடி உதை இல்லாத இடத்திலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. ஓபியாய்டுக்கு அடிமையானவரின் உடம்பு, நாளாக நாளாக அதிக அளவைத் தாங்கப் பழகியிருக்கும். மூன்று மாதம் பூட்டி வைத்தால் அந்தத் தாங்குசக்தி போய்விடும். ஆசை போகாது. வெளியே வந்த முதல் வாரத்தில் பழைய நினைப்பில் பழைய அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். மருந்தே இல்லாமல் உடம்பை 'சுத்தம்' செய்து அனுப்புவது ஓபியாய்டு விஷயத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியும். மதுவுக்கு வைத்தியம் பார்க்கும் மையத்தில் மாத்திரைக்காரரையும் சேர்த்துப் பூட்டினால் இதுதான் நேரும். பணமும் போய், பிள்ளையும் போன வீடுகள் இருக்கின்றன.

மருந்து என்ன செய்கிறது?

மூளையில் ஓபியாய்டு சென்று உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து, பூப்ரநார்ஃபின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் சிறு மாத்திரை. அது அந்த இடத்தைப் பாதியளவுக்கே தூண்டும் என்பதால் உளைச்சலும் ஆசையும் அடங்கும். மிதப்பு வராது. அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. உடம்பில் பழைய போதை இறங்கி, உளைச்சல் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைத் தர வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகக் கொடுத்தால் உளைச்சல் பல மடங்காகும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் தேவை.

மார்ஃபின் குடும்பத்தின் வேலையை முழுவதுமாகத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் இன்னொரு வழி. ஒரு வாரம் பத்து நாள் எந்த ஓபியாய்டும் எடுக்காமல் இருந்தவர்களுக்குத்தான் அதைத் தொடங்கலாம்.

"ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதை குடுக்கறாங்களா?" என்று கேட்காத குடும்பம் குறைவு. உலகெங்கும் பல ஆண்டு ஆய்வுகள் சொல்லும் பதில் தெளிவானது. பூப்ரநார்ஃபினில் தொடர்ந்து இருப்பவர்கள் இறக்கும் வாய்ப்பு, சிகிச்சைக்கு வெளியே இருப்பவர்களைவிடப் பாதிக்கும் குறைவு. வேலைக்குப் போகிறார்கள், ஊசியைப் பகிர்வதில்லை, அதனால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றுவது குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022-ல் இடம்பெற்றது. சர்க்கரை நோயாளிக்குப் பத்து நாள் மருந்து கொடுத்துவிட்டு 'குணமாகிவிட்டது, போ' என்று யாரும் சொல்வதில்லை. இதற்கும் அப்படித்தான், குறைந்தது ஒரு வருடம், பலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

செலவு எங்கே இருக்கிறது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு திங்கட்கிழமை காலை போவதாக வைத்துக்கொள்வோம். ஓ.பி. சீட்டுக்கு வரிசை, மனநலப் பிரிவுக்கு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு வரிசை, மருந்து ஜன்னலில் வரிசை. அம்மா ஒருவர் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்கிறார்: "எத்தனை நாள்ல சரியாகுங்க சார்?" மருத்துவர் "அடுத்த வாரம் வாங்கம்மா, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் பார்க்கலாம்" என்கிறார். அந்த அம்மாவின் மனக்கணக்கு அங்கேயே ஓடுகிறது. இரண்டு பேர் பஸ் கட்டணம், இரண்டு பேர் ஒரு நாள் கூலி, வெளிச் சாப்பாடு. இது மாதத்துக்கு இரண்டு முறை, வருடம் முழுக்க. மருத்துவர் கட்டணம் எதுவும் இல்லை. மருந்துக்குக் காசு இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குச் செலவு இருக்கிறது, அதுவும் தாங்க முடியாத செலவு.

கையில் காப்பீடு இருப்பவர்களுக்கும் சிக்கல். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரிக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்குகளின் பட்டியலில் 12-வதாக, மதுவுக்கும் போதைக்குமான சிகிச்சை இடம்பெற்றுள்ளது. நிறுவனங்கள் அந்த விலக்கைப் பாலிசியில் எழுதிவிட்டால், போதைச் சிகிச்சைக்குக் காசு கிடைக்காது. போதைப் பாதிப்பை மனநோயாக ஏற்கும் சட்டமும் அதைக் காப்பீட்டிலிருந்து விலக்கும் விதியும் ஒரே நாட்டில் இருக்கின்றன. இந்த முரண்பாட்டை நாடாளுமன்றமோ நீதிமன்றமோ தீர்த்தாக வேண்டும்.

அதே 2017 சட்டத்தின் 18-ம் பிரிவு ஒரு உரிமையைத் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, கையில் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் மற்றும் அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். காசு கேட்டால் இதைச் சொல்லலாம்.

எங்கே போவது?

தொப்பூர் வட்டாரத்துக்கு ஒரு பக்கம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மறுபக்கம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். எந்த நாள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போதை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் என்றே 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களைத் தமிழக அரசு 2025-ல் தொடங்கியது. சிக்கலான நிலையில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் தனிப் போதை மருத்துவ மையம் இருக்கிறது. தருமபுரியிலிருந்து ரயிலும் பேருந்தும் போகும் ஊர்தான்.

போனில் தொடங்குவது இன்னும் எளிது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்' எண் 14416. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பியும் எழாமல் ஒருவர் கிடந்தால் உடனே 108. மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலோக்ஸோன் ஊசி நேரத்தோடு கிடைத்தால் அந்த உயிர் திரும்பும்.

மருத்துவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை நான்கு: இங்கே பூப்ரநார்ஃபின் உண்டா? இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவீர்கள்? வீட்டுக்கு எத்தனை நாள் மருந்து தருவீர்கள்? அளவு நிலைப்பட்டு வண்டி ஓட்டத் தொடங்க எவ்வளவு நாளாகும்? முதல் சில வாரங்கள் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்பதை டிரைவரின் முதலாளியும் ஏற்றாக வேண்டும்.

போலீஸ் பயம்தான் பலரைத் தடுக்கிறது. 1985-ன் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாகவே முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக மேற்கொண்டால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து ஊருக்கு வர வேண்டும்

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியபோது, இந்தியாவில் இப்படி ஒரு சிகிச்சை நிலையம் அரிது. பிறகு அந்த நிறுவனம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தியது. ஊரார் கண்முன்னே, குடும்பத்தோடு, ஊர்ப் பெரியவர்கள் உதவியோடு சிகிச்சை. கிராமத்துக்காரர் நகரத்துக்கு வந்து தங்க முடியாது என்பதை அப்போதே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஓபியாய்டுக்கு அந்தப் பாடத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது பஞ்சாப். 2017 அக்டோபரில் அமிர்தசரஸ், மோகா, தரன் தாரன் ஆகிய மூன்று மாவட்டங்களில் புறநோயாளி மையங்களைத் திறந்து பூப்ரநார்ஃபின் தரத் தொடங்கியது. இன்று 500-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. தினமும் வந்து கண்முன்னே மருந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை, கொரோனா காலத்தில் தளர்த்தி வீட்டுக்கே மருந்து கொடுத்தார்கள். பிரான்ஸ் 1995-ல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இந்த மருந்தை எழுதலாம் என்றது. நான்கு ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அமெரிக்கா, தனி உரிமம் வாங்கிய மருத்துவர்தான் எழுத வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் நீக்கியது.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அவரைத் தேடித்தான் போக வேண்டும் என்று வைத்தால் வரிசை நகராது. வீடு தேடிப் போகும் மருத்துவத்தைத் தமிழ்நாடு அறியாதது இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, தருமபுரிக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கதவைத் தட்டி வருகின்றன. அந்த வலைப்பின்னலும் அந்தச் செவிலியர்களும் இருக்கும்போது, ஓபியாய்டு சிகிச்சைக்கும் வழி செய்ய முடியும்.

அரசிடம் கேட்பது மூன்று. முதலாவதாக, மருத்துவக் கல்லூரி மனநல மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கி வைக்கட்டும். பிறகு நோயாளியைத் தொடர்ந்து பார்க்க ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுங்கள். இரண்டாவதாக, நிலைப்பட்ட நோயாளிக்கு இரண்டு வார மருந்தை வீட்டுக்குக் கொடுங்கள். அதை வேறு யாருக்கும் விற்காமலிருக்க ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் பதிவேடும் போதும். இல்லையென்றால் மாதத்தில் இருபது நாள் சாலையில் இருக்கும் டிரைவர் இந்தச் சிகிச்சையில் ஒருநாளும் நிலைக்க மாட்டார். மூன்றாவதாக, சுங்கச்சாவடியிலும் லாரி பேட்டையிலும் 14446 என்ற எண்ணையும், 64ஏ பிரிவு தரும் பாதுகாப்பையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

பெற்றோரிடமும் மனைவிமாரிடமும் கேட்பது ஒன்றே. நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதற்கு முன், அவரைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அவர் போடும் மாத்திரையின் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒருமுறை தவறி மறுபடி மாத்திரை எடுத்துவிட்டால் திட்டித் துரத்தாமல், அடுத்த ஓ.பி. நாளிலேயே திரும்பக் கூட்டிப்போங்கள். இந்த நோயிலிருந்து மீண்டவர்களில் பலர் அப்படித் திரும்பத் திரும்பக் கூட்டிவரப்பட்டவர்கள்தான்.